புகைபோக்கி தள்ளிப் போன கதை: அம்பத்தூர் கரன்ட்டும் எண்ணூர் சாம்பலும்

(இந்த எபிசோடின் எழுத்து வடிவம் இது. பேசினதைப் படிக்க வசதியா அங்கங்க சுருக்கி, பகுதி பகுதியா பிரிச்சிருக்கோம்.)

இன்னைக்கு நாம பேசப் போறது கரன்ட்டைப் பத்தி. இன்னும் சரியாச் சொன்னா, நிலக்கரியைப் பத்தி.

முதல்ல ஒரு சின்னக் கணக்கு. நம்ம நாட்டு அனல்மின் நிலையங்கள்ல ஒரு யூனிட் கரன்ட் எடுக்கத் தோராயமா 650லேர்ந்து 700 கிராம் நிலக்கரி எரியணும். இந்திய நிலக்கரியில மூணுல ஒரு பங்குக்கு மேல சாம்பல்தான். நீங்க அம்பத்தூர்ல ஒரு ஃபிளாட்ல இருக்கீங்க, ராத்திரி பூரா ஏசி ஓடுது, எட்டு யூனிட் ஆகுதுன்னு வெச்சுக்கோங்க. அந்தக் கரன்ட் முழுக்க உள்நாட்டு நிலக்கரியிலேர்ந்து வந்திருந்தா, நீங்க தூங்கி எழறதுக்குள்ள அஞ்சு கிலோவுக்கு மேல நிலக்கரி எரிஞ்சிருக்கும். ரெண்டு கிலோ கிட்ட சாம்பல் மிஞ்சியிருக்கும்.

அந்த ரெண்டு கிலோ சாம்பல் தினமும் உங்க வாசல்ல கொட்டிக் கிடந்தா, அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்ல அன்னைக்கே சண்டை ஆரம்பிச்சிருக்கும். ஆனா அது உங்க வாசல்ல இல்ல. எங்க இருக்கு?

அம்பத்தூரிலிருந்து எண்ணூர் நேர்கோட்டில் சுமார் இருபது கிலோமீட்டர். எண்ணூருக்குப் பக்கத்துல வல்லூர், அத்திப்பட்டு. அங்க இருக்கிற அனல்மின் நிலையங்களிலிருந்து கிளம்பற உயர் அழுத்தக் கம்பிகள் அலமாதி துணைமின் நிலையத்துக்கு வருது. ஆவடியிலேர்ந்து அலமாதி பக்கம் போனவங்க அந்தப் பெரிய கோபுரங்களைப் பார்த்திருப்பீங்க. கிரிட்ல எல்லாக் கரன்ட்டும் கலந்துதான் ஓடும், எந்த யூனிட் எங்கேருந்து வந்ததுன்னு பிரிச்சுப் பார்க்க முடியாது. ஆனா அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி எல்லாம் அந்தப் புகைபோக்கிகளோட மறுமுனைன்னு தாராளமாச் சொல்லலாம்.

நிலக்கரி காத்தைக் கெடுக்கும், ஆத்தைக் கெடுக்கும், பூமியைச் சூடாக்கும். இதெல்லாம் அரசுகளுக்கும் தெரியும். அப்புறமும் ஏன் விட மாட்டேங்குறாங்க? "மலிவா கிடைக்குது", "பெரிய கம்பெனிகள் விட மாட்டாங்க" மாதிரி பதில்கள் உண்டு. அதுல உண்மையும் உண்டு. ஆனா சென்னையோட நூறு வருஷ வரலாற்றைப் பார்த்தா வேற ஒண்ணும் தெரியுது. புகைன்னு ஒரு பிரச்சினை வந்தப்போதெல்லாம் நம்ம அரசுகள் ஒரே தீர்வைத்தான் திரும்பத் திரும்பப் பண்ணியிருக்காங்க: புகைபோக்கியைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறது. கரன்ட் யாருக்குப் போகுதோ அவங்களுக்குச் சாம்பல் தெரியாத வரைக்கும், எந்த அரசுக்கும் நிலக்கரியை விடணும்னு அவசரம் வரல.

பேசின் பிரிட்ஜ்

சென்னையில 1895லயே மின்சார டிராம் ஓடிருச்சு. இந்தியாவிலேயே அதுதான் முதல். பிறகு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மெட்ராஸ் எலக்ட்ரிக் சப்ளை கார்ப்பரேஷன் என்ற தனியார் கம்பெனி பேசின் பிரிட்ஜில் மின்நிலையம் கட்டியது. இடத்தைப் பாருங்க: ஒரு பக்கம் ரயில் பாதை, ஒரு பக்கம் பக்கிங்ஹாம் கால்வாய், துறைமுகமும் தூரமில்ல. நிலக்கரி வந்து இறங்க இதைவிட வசதியான இடம் கிடைக்காது. சுத்தி இருந்தது வியாசர்பாடி, புளியந்தோப்பு மாதிரி உழைக்கிற ஜனங்க வாழ்ந்த பகுதிகள். வெளிச்சம் முதல்ல போனது ஜார்ஜ் டவுன், மவுண்ட் ரோடு பக்கம். முதல் புகைபோக்கியிலேயே கதையோட அமைப்பு வந்துருச்சு.

1947இல் அரசாங்கம் அந்தக் கம்பெனியைத் தன் வசம் எடுத்துக்கொண்டது.

ஆனா அந்தக் காலத்து மெட்ராஸ் மாகாணத்தோட பெருமை நிலக்கரி இல்ல, தண்ணி. 1932இல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம். 1937இல் மேட்டூர். 1944இல் பாபநாசம். கோயம்புத்தூர் பஞ்சாலைகள் பெருகினது பைக்காரா கரன்ட்டாலதான். புகை இல்ல, சாம்பல் இல்ல. அணைகளுக்குன்னு தனிக் கணக்கு உண்டு, காடு போச்சு, ஊர் போச்சு. அது இன்னொரு எபிசோட். ஆனா நிலக்கரியே இல்லாத ஒரு மாகாணம் தண்ணியை வெச்சுத் தன் தொழில்களை வளர்த்துக் காட்டியது.

அப்ப நிலக்கரிக்கு ஏன் போனாங்க? அதுக்கு ஆவடிக்கு வரணும்.

ஆவடி, 1955

1955 ஜனவரியில ஆவடியில காங்கிரஸ் மாநாடு. நேரு வந்திருந்தார். காமராஜர் முதலமைச்சராகி ஒரு வருஷம்கூட ஆகல. சோஷலிச பாணியில சமுதாயத்தை அமைப்போம்னு தீர்மானம் போட்டது அந்த மாநாட்டுலதான். பள்ளிக்கூடப் புத்தகத்துல ஒரு வரியா படிச்சிருப்போம். ஆனா அந்தத் தீர்மானத்துக்கு ஒரு மின்சாரக் கணக்கு உண்டு. அரசே பெரிய தொழிற்சாலைகளைக் கட்டும், கிராமத்துக்குக் கரன்ட் போகும், கிணத்துல பம்ப்செட் ஓடும். இதெல்லாம் நடக்கணும்னா கரன்ட் பல மடங்கு வேணும்.

அடுத்த பத்து வருஷத்துல மாநாடு நடந்த அந்தச் சுற்றுவட்டாரமே மாறிப்போச்சு. அம்பத்தூர்ல 1949லேர்ந்தே டிஐ சைக்கிள்ஸ் இருந்தது. 1955இல் பெரம்பூரில் ஐசிஎஃப் தொடங்கியது. 1959 வாக்கில் அம்பத்தூரில் டன்லப் டயர் ஆலை. 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலைக்கு அடிக்கல். 1965இல் அங்கிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை, ஆயிரத்து நானூறு ஏக்கருக்கு மேல். லேத், ஃபவுண்ட்ரி, பிரஸ் ஷாப், ரப்பர், பெயின்ட், என்ன வேணும்னாலும் அங்க செஞ்சாங்க. வட ஆற்காட்டுலேர்ந்தும் தெற்கேர்ந்தும் ஐடிஐ முடிச்சுட்டு வந்த எத்தனையோ பேர் அங்க வேலைக்குச் சேர்ந்து, திருமுல்லைவாயில்லயும் பட்டாபிராம்லயும் மனை வாங்கி வீடு கட்டினாங்க. இதைக் கேட்கிற பல பேருக்கு அது தாத்தா, பாட்டி கதையா இருக்கும்.

அந்த வளர்ச்சியைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனா அந்த இயந்திரங்களுக்கு ஒரு குணம் உண்டு. மழை பெஞ்சா ஓடுவேன், பெய்யலன்னா நிப்பேன்னு லேத் சொல்லாது. நீர்மின்சாரம் அப்படித்தான் சொல்லும். பருவமழை பொய்த்த வருஷங்களில் அணை வத்தும், மின்வெட்டு வரும். இருந்த நல்ல ஆறுகளிலும் ஏற்கெனவே அணை கட்டியாச்சு, இல்லன்னா கட்டிக்கிட்டு இருந்தாங்க. வருஷம் முழுக்க, ராத்திரி பகல் பார்க்காம, சொன்ன நேரத்துல எரியற ஒண்ணு தேவைப்பட்டது.

முதல்ல கிடைச்சது நெய்வேலி. தென்னாற்காடு மாவட்டத்துல கிணறு தோண்டும்போது தென்பட்ட பழுப்பு நிலக்கரி. 1956இல் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் உருவானது. சோவியத் உதவியோடு கட்டிய அனல்மின் நிலையத்தின் முதல் யூனிட் 1962இல் ஓடத் தொடங்கியது. நம்ம மண்ணுலயே நமக்குன்னு ஒரு நிலக்கரி! அந்தக் காலத்து ஆட்களுக்கு அது எவ்வளவு பெரிய நம்பிக்கையா இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. விலை கொடுத்தது நிலத்தை விட்டு எழுந்து போன கிராமங்கள். அது இன்னும் முடியல. 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் விட்டிருந்த நெல் வயலுக்குள்ள இயந்திரம் இறங்கின வீடியோவை நீங்களே பார்த்திருப்பீங்க.

எண்ணூர், 1970

நெய்வேலி மட்டும் போதல. சென்னைக்குப் பக்கத்துலயே ஒண்ணு வேணும். பேசின் பிரிட்ஜ் அதுக்குள்ள ஊருக்கு நடுவுல மாட்டிக்கிச்சு. அங்க பெருசாக் கட்ட இடமில்ல. சாம்பலைக் கொட்டவும் இடமில்ல. அதனால வடக்கே, கடல் ஓரமா, கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கிற இடத்துக்குப் போனாங்க. குளிர்விக்கத் தண்ணி உண்டு, சென்னை துறைமுகமும் ரயிலும் கிட்ட, சதுப்பு நிலம் "சும்மா கிடக்குது".

இந்த "சும்மா கிடக்குது" என்கிற சொல்லை ஞாபகம் வெச்சுக்கோங்க. வருவாய்த் துறைக் கணக்கில் அது புறம்போக்கு. காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம், முகத்துவாரக்குப்பம் மீனவர்களுக்கு அது இறாலும் நண்டும் மடவையும் கிடைக்கிற ஆறு. இருளர்கள் வலைகூட இல்லாம கையாலயே தடவி இறால் பிடிச்ச இடம். 2017இல் டி.எம். கிருஷ்ணா பாடி வந்த 'சென்னை புறம்போக்கு பாடல்' வீடியோவை எண்ணூர்ல எடுத்தது இதனாலதான்.

1970 மார்ச்சில் எண்ணூர் அனல்மின் நிலையத்தின் முதல் யூனிட் தொடங்கியது. 1975க்குள் ஐந்து யூனிட், மொத்தம் 450 மெகாவாட். அம்பத்தூர் பேட்டை நிரம்பி வழிஞ்ச காலமும் அதுதான். 1994 முதல் 1996 வரை, கொஞ்சம் வடக்கே தள்ளி, வடசென்னை அனல்மின் நிலையம், 630 மெகாவாட். அதுக்கு நிலக்கரி இறக்கறதுக்குன்னே ஒரு துறைமுகம். 2001இல் திறந்த எண்ணூர் துறைமுகம். ஒரிசாவில் தல்சேர் சுரங்கத்தில் வெட்டி, ரயிலில் பாரதீப் கொண்டுபோய், கப்பலில் ஏத்தி, எண்ணூரில் இறக்கி எரிப்பது. தமிழ்நாட்டுல கருப்பு நிலக்கரி ஒரு கைப்பிடிகூட வெட்டறது இல்லன்னாலும், அதை மையமா வெச்சு ஒரு துறைமுகமே வந்துருச்சு.

சாம்பல் என்ன ஆச்சு? தண்ணியில கரைச்சு, குழாய் வழியா, ஆத்தைத் தாண்டி, செப்பாக்கம் பக்கத்துல இருக்கிற சாம்பல் குளத்துக்கு அனுப்பினாங்க. குழாய் கசிஞ்சது. வருஷக்கணக்கா கசிஞ்சது. ஆத்துப் படுகை சாம்பலால் மேடாகிப் படகு தரை தட்டற நிலைமை. சூடான தண்ணியும் முகத்துவாரத்துல வந்து சேர்ந்தது. மீனவர்கள் போராடினாங்க, மனு கொடுத்தாங்க, வழக்குப் போட்டாங்க. 2022 ஜூலையில்தான் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, இதுக்கு டான்ஜெட்கோ பொறுப்பேற்கணும், சாம்பலை அகற்றி ஆற்றை மீட்கணும்னு உத்தரவு போட்டது. முதல் யூனிட் ஓட ஆரம்பிச்சு ஐம்பத்திரண்டு வருஷம் கழிச்சு.

அந்தச் சாம்பல்ல ஒரு பங்கு நம்ம பக்கமும் வந்திருக்கு, வேற உருவத்துல. பிபிசி சிமென்ட்ல சாம்பல் கலக்கறாங்க. ஃபிளை ஆஷ் செங்கல்லும் அதுலதான் செய்யறாங்க. பூந்தமல்லியிலயும் ஆவடியிலயும் எழுந்து நிக்கிற அடுக்குமாடிகளோட சுவத்துல அனல்மின் நிலையச் சாம்பல் இருக்கு. அது நல்ல விஷயம்தான். கட்டடத்துக்குள்ள போன சாம்பல் ஆத்துக்குள்ள போகாது.

விட முடியாதபடி போட்ட முடிச்சுகள்

சரி, நிலையம் கட்டினாங்க. பிரச்சினைன்னு தெரிஞ்சதும் நிறுத்திடலாமே? இங்கதான் முடிச்சுகள்.

முதல் முடிச்சு, ஒப்பந்தம். ஒரு அனல்மின் நிலையத்துக்கு ஆயிரக்கணக்கான கோடி கடன் வாங்கணும். அதைத் திருப்பிக் கட்ட 25 வருஷ மின் கொள்முதல் ஒப்பந்தம் போடுவாங்க. அதுல விலை ரெண்டு பாகமா இருக்கும். எரிக்கிற நிலக்கரிக்கு ஒண்ணு, நிலையம் தயாரா நிக்கறதுக்கு ஒண்ணு. ஒரு யூனிட்கூட வாங்கலன்னாலும் ரெண்டாவது பாகத்தைக் கொடுத்தாகணும். வாடகை வீட்டைப் பூட்டிட்டு ஊருக்குப் போனாலும் வாடகை கட்டற மாதிரி. ஒரு லட்சம் கோடிக்கு மேல கடன்ல இருக்கிற மின்வாரியம், ஏற்கெனவே வாடகை கட்டற வீட்டைக் காலி பண்ணிட்டு இன்னொரு வீட்டுக்கு முன்பணம் கொடுக்க ரொம்பவே யோசிக்கும்.

ரெண்டாவது முடிச்சு, ரயில். அம்பத்தூர்லேர்ந்து சென்ட்ரல் போக அஞ்சு பத்து ரூபாயில டிக்கெட் எடுக்கறோம். அந்தக் காசுல ரயில்வேக்குக் கட்டுபடி ஆகாது. பயணிகள் பக்கம் விழற பள்ளத்தைச் சரக்குக் கட்டணம் நிரப்புது. ரயில்வே ஏத்தற சரக்குல எடைக் கணக்குல கிட்டத்தட்ட பாதி நிலக்கரி. நிலக்கரி ஓடலன்னா அந்த மலிவு டிக்கெட்டுக்கு வேற எங்கேருந்தாவது பணம் கொண்டு வரணும். 2022 ஏப்ரலில் நாட்டில் நிலக்கரித் தட்டுப்பாடு வந்தப்போ, நிலக்கரி ரயிலுக்கு வழிவிட நூத்துக்கணக்கான பயணிகள் ரயில் சேவைகளை ரத்து பண்ணாங்க. எதுக்கு முதலிடம்னு அப்ப நல்லாத் தெரிஞ்சது.

மூணாவது முடிச்சு, வரி. 2010இல் மத்திய அரசு ஒரு டன் நிலக்கரிக்கு 50 ரூபாய் செஸ் போட்டது. தூய எரிசக்திக்கு நிதி சேர்க்கறதுதான் நோக்கம். 2016க்குள் அது 400 ரூபாய் ஆனது. 2017இல் ஜிஎஸ்டி வந்தப்போ, அந்தப் பணம் மாநிலங்களுக்கு இழப்பீடு கொடுக்கத் திருப்பிவிடப்பட்டது. நிலக்கரியிலேர்ந்து விடுபட வெச்ச உண்டியல், நிலக்கரியை நம்பி நிக்கிற வருமானமா மாறிருச்சு. 2025 செப்டம்பரில் அந்த செஸ்ஸை எடுத்துட்டு, நிலக்கரி மேலான ஜிஎஸ்டியை 5லிருந்து 18 சதவீதமா ஏத்தினாங்க. பேர் மாறிச்சு, கஜானாவோட எதிர்பார்ப்பு மாறல.

நாலாவது முடிச்சு, வாக்குறுதி. 1984இல் எம்ஜிஆர் ஆட்சியில் சிறு விவசாயிகளுக்கு இலவச மின்சாரம். 1990இல் கலைஞர் ஆட்சியில் எல்லா விவசாயிகளுக்கும். 2016இல் ஜெயலலிதா வீடுகளுக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம். ஒவ்வொண்ணுக்கும் நியாயம் உண்டு. விவசாயிகள் அதுக்காக ரத்தம் சிந்தியிருக்காங்க. ஆனா கரன்ட்டை வித்துக் கிடைக்கிற காசு குறையும்போது, புதுசா எதையும் கட்ட வாரியத்தின் கையில பணம் இருக்காது. இருக்கிற பழசையே ஓட்டிக்கிட்டு இருக்கத்தான் முடியும்.

2012இன் பாடம்

இந்த எல்லா முடிச்சையும் இறுக்கிக் கட்டினது 2008க்கும் 2014க்கும் நடுவில் வந்த மின்வெட்டு.

1996க்கு அப்புறம் பதினைந்து வருஷத்துக்கும் மேல் தமிழ்நாடு மின்வாரியம் தன் சொந்தப் பெரிய அனல்மின் நிலையம் எதையும் புதுசா ஓட்டத் தொடங்கல. அதே நேரத்துல ஐடி கம்பெனி, கார் தொழிற்சாலை, ஏசின்னு தேவை மட்டும் ஏறிக்கிட்டே போச்சு. 2011 தேர்தலில் ஆட்சி மாறினதுக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் மின்வெட்டும் ஒண்ணு. புது ஆட்சியில அது இன்னும் மோசமாச்சு. 2012இல் சென்னையில் தினம் ரெண்டு மணி நேரம் வெட்டு. மத்த மாவட்டங்களில் பத்து, பன்னிரண்டு மணி நேரம், சில நாள் அதுக்கும் மேல.

சின்ன ஃபவுண்ட்ரி வெச்சிருக்கிறவர் இடத்துல நின்னு பாருங்க. உலையில உருகின இரும்பு இருக்கும்போது கரன்ட் போனா, அது உள்ளேயே இறுகிப் போகும். ஜெனரேட்டர் போட்டா டீசல் கரன்ட்டுக்கு வாரியக் கரன்ட்டைவிட ரெண்டு மூணு மடங்கு செலவு. ஆர்டர் குஜராத்துக்கோ புனேவுக்கோ போயிரும். ஷிப்ட் குறையும், கூலி குறையும். அம்பத்தூர்லயும் கோயம்புத்தூர்லயும் இது நடந்தது.

அப்புறம் 2012லிருந்து 2015க்குள் வரிசையாக வந்தது பெரும்பாலும் நிலக்கரி. மேட்டூரில் 600 மெகாவாட். வடசென்னையில் கூடுதலா 1,200. வல்லூரில் என்டிபிசியும் தமிழ்நாடு வாரியமும் சேர்ந்து கட்டிய 1,500. மின்வெட்டு போயே போச்சு. ஜனங்க நிம்மதியா மூச்சு விட்டாங்க, எண்ணூரைத் தவிர.

எல்லாக் கட்சிகளும் அன்னைக்குப் படிச்ச பாடம் இது. கரன்ட் போனா ஆட்சி போகும். சாம்பலால ஆட்சி போகாது. மின்வெட்டு ஏழு கோடிப் பேரை ஒரே ராத்திரியில வியர்க்க வைக்கும். சாம்பல் சில ஆயிரம் குடும்பங்களை நாப்பது வருஷமா மெதுவா இருமவைக்கும். ஓட்டுக் கணக்குல இந்த ரெண்டும் சமமே இல்ல.

காத்து இருக்கே, வெயில் இருக்கே?

நியாயமான கேள்வி. காற்றாலையில தமிழ்நாடு நாட்டுக்கே முன்னோடி. முப்பந்தல் 1990கள்லயே உலகத்துக்குத் தெரிஞ்ச பேர். இன்னைக்குக் காற்றாலைத் திறன் மட்டும் 10,000 மெகாவாட்டுக்கு மேல. 2016இல் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்தப்போ உலகத்திலேயே பெரியவற்றில் ஒண்ணுன்னு பேசினாங்க.

ஆனா காத்து மே முதல் செப்டம்பர் வரை வாரி இறைக்கும், அப்புறம் கையை விரிக்கும். சூரியன் சாயங்காலம் ஆறரைக்குப் போயிரும். அந்த நேரம்தான் நாம வீட்டுக்கு வந்து லைட், ஃபேன், ஏசி, இன்டக்ஷன் அடுப்பு எல்லாத்தையும் போடறோம். 2024 மே 2ஆம் தேதி தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. கோடையில சூரியன் போன பிறகான அந்த அஞ்சு மணி நேரத்தை நினைச்சுத்தான் அதிகாரிகள் தூக்கம் கெடுது.

இதுக்குத் தீர்வே இல்லன்னு இல்ல. பகல்ல மிஞ்சற கரன்ட்டால தண்ணியை மேல ஏத்தி, ராத்திரி இறக்கி எடுக்கிற நிலையம் 1980களின் இறுதியிலிருந்தே காடம்பாறையில இருக்கு, 400 மெகாவாட். பேட்டரி விலையும் இறங்கிக்கிட்டே வருது. ஆனா நம்ம ஊர்ல கம்பிக்கே பஞ்சமா இருந்த காலம் உண்டு. மாநிலமே இருட்டில் கிடந்த வருஷங்கள்லகூட, கரன்ட்டை எடுத்துப் போக போதுமான மின்தடம் இல்லாம ஓடற காற்றாலையை நிறுத்தச் சொல்லியிருக்காங்க. நிலக்கரிக்காக ஒரு துறைமுகத்தையே கட்டின நாடு, காத்துக்குக் கம்பி இழுக்க அத்தனை வேகம் காட்டல.

மத்தவங்க எப்படி விட்டாங்க?

2024 செப்டம்பர் 30ஆம் தேதி இங்கிலாந்து தன் கடைசி நிலக்கரி மின்நிலையத்தை மூடியது. லண்டன் ஹோபர்னில் 1882இல் ஆரம்பிச்ச கதை, 142 வருஷத்தில் முடிஞ்சது. ஆனா அவங்க எப்படி விட்டாங்கன்னு பார்க்கணும். 1952 டிசம்பரில் லண்டனைப் புகைமூட்டம் அஞ்சு நாள் மூடினது. ஆயிரக்கணக்கானவங்க செத்தாங்க. 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. அதுக்கு அப்புறம் பெரிய மின்நிலையங்களை ஊருக்குள்ள கட்டாம, தூரத்துல நிலக்கரிச் சுரங்கங்கள் பக்கமா, இன்னும் உயரமான புகைபோக்கியோட கட்டினாங்க. அவங்களும் முதல்ல தள்ளித்தான் வெச்சாங்க! பிறகு வடகடலில் எரிவாயு கிடைச்சது, காற்றாலை வந்தது, கார்பனுக்கு விலை வெச்சாங்க. அப்பதான் நிலக்கரி நிஜமாவே போச்சு.

2021 நவம்பரில் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில், நிலக்கரியை "ஒழிப்போம்" என்ற வாசகத்தைக் கடைசி நேரத்தில் "குறைப்போம்" என்று மாத்தச் சொன்னது இந்தியா. இரண்டு நூற்றாண்டா எரிச்சுப் பணக்காரங்க ஆனவங்க, இப்பதான் எழுந்து வர்ற நம்மகிட்ட நிறுத்துன்னு சொல்றது என்ன நியாயம்? இந்த வாதத்துல பலம் இருக்கு. ஒரு இந்தியர் சராசரியா வெளியிடற கார்பன், ஒரு அமெரிக்கர் வெளியிடறதுல ஏறத்தாழ ஏழுல ஒரு பங்குதான்.

ஆனா அதே கேள்வியை எண்ணூர் அம்பத்தூரைப் பார்த்துக் கேட்டா? "உங்க வளர்ச்சிக்கு நாங்க ஏன் இருமணும்?" கிளாஸ்கோவுல நாம கேட்ட நியாயம் வீட்டுக்குள்ளேயும் செல்லுபடி ஆகணுமில்லையா?

நடைமுறையில என்ன ஆச்சுன்னா, 2015 டிசம்பரில் மத்திய அரசு அனல்மின் நிலையங்களுக்குக் கந்தக டை ஆக்சைடு வரம்பு போட்டது. ரெண்டு வருஷத்துல கருவி மாட்டணும்னு கெடு. கெடு திரும்பத் திரும்பத் தள்ளிப் போச்சு. 2025 ஜூலையில், பெரும்பாலான நிலையங்களுக்கு அந்தக் கருவியே வேண்டாம்னு விலக்கு கொடுத்துட்டாங்க. பத்து லட்சத்துக்கு மேல் ஜனத்தொகை உள்ள நகரங்களிலிருந்து 10 கிலோமீட்டருக்குள்ள இருக்கிறவை மட்டும் 2027 இறுதிக்குள்ள கட்டாயம் மாட்டணும். கவனிச்சீங்களா? நகரத்துக்குப் பக்கத்துல இருந்தா வடிகட்டணும். தூரத்துல இருந்தா பரவாயில்ல.

அடுத்த தள்ளல்

பழைய எண்ணூர் நிலையத்தை 2017 மார்ச்சில் மூடிட்டாங்க. நல்ல செய்திதான். ஆனா பக்கத்துலயே வடசென்னை மூணாம் கட்டம், 800 மெகாவாட், 2024 மார்ச்சில் திறந்தாங்க. பேசின் பிரிட்ஜ் பழைய வளாகத்துல இப்ப இருக்கிறது எரிவாயு நிலையம்.

இன்னொரு பக்கம், சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூர் பக்கத்துல இருக்கிற புகளூர் வரைக்கும் 1,700 கிலோமீட்டருக்கு மேல் ஒரு மின்தடம் 2020-21இல் ஓடத் தொடங்கியது. 6,000 மெகாவாட் கொண்டுவர முடியும். அங்க சுரங்கத்துப் பக்கத்துலயே எரிச்சு, கரன்ட்டை மட்டும் இங்க அனுப்பலாம். பேசின் பிரிட்ஜ் நம்ம ஊருக்கு நடுவுல இருந்தது. எண்ணூர் இருபது கிலோமீட்டர். ராய்கர்ல ஆதிவாசி கிராமங்கள்ல என்ன நடக்குதுன்னு அம்பத்தூர்ல யாருக்குத் தெரியும்? இந்தியா 2024-25இல் நூறு கோடி டன் நிலக்கரிக்கு மேல் வெட்டியது. பெரும்பகுதி நாம போய்ப் பார்க்காத ஊர்கள்ல.

தேவையோ குறையப் போறதில்ல. அம்பத்தூர்ப் பேட்டையில இப்ப தரவு மையங்கள் எழும்பிக்கிட்டு இருக்கு. லேத்தாவது ஷிப்ட் முடிஞ்சா நிக்கும், சர்வர் நிக்காது. பூந்தமல்லிக்கு மெட்ரோ. ஊர் பூரா மின்சார ஸ்கூட்டர். இதெல்லாம் நல்லதுதான், ஆனா சுவர்ல இருக்கிற பிளக்குக்குப் பின்னாடி என்ன எரியுதுங்கிறதைப் பொறுத்து.

குற்ற உணர்ச்சியோட ஏசியை நிறுத்துங்கன்னு சொல்ல நான் வரல. மே மாசம் ஆவடியில ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழ தூங்கறவங்ககிட்ட அப்படிச் சொல்றது அநியாயம். ஆனா ரெண்டு வாசல் திறந்திருக்கு, நம்ம பக்கத்துக்காரங்க அதிகம் எட்டிப் பார்க்கிறதில்ல. ஒண்ணு, புது அனல்மின் நிலையத்துக்கான கருத்துக்கேட்புக் கூட்டம். அதை எண்ணூர் பக்கம்தான் நடத்துவாங்க, அங்க இருக்கிறவங்கதான் பேசுவாங்க. ஆனா 2006 சுற்றுச்சூழல் அறிவிக்கைப்படி அக்கறையுள்ள மத்தவங்களும் எழுத்துல கருத்து அனுப்பலாம். ரெண்டாவது, தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். கட்டணம் நிர்ணயிக்கும்போது பொதுமக்கள்கிட்ட கருத்து கேட்பாங்க. அம்பத்தூர் சிறுதொழில்காரங்க கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி அங்க போறாங்க. அதே கூட்டத்துல, பேட்டரிக்கும் மின்தடத்துக்கும் எவ்வளவு ஒதுக்கினீங்க, சாம்பலை அள்ள எவ்வளவு ஒதுக்கினீங்கன்னு கேட்கவும் இடமிருக்கு.

இத்தனை வருஷமா எண்ணூர்க்காரங்க மட்டுமே கேட்ட கேள்வி அது. கரன்ட்டை வாங்கறவங்களும் கேட்க ஆரம்பிச்சா, ஓட்டுக் கணக்கு கொஞ்சம் மாறும். அரசுகளுக்கு அந்தக் கணக்கு நல்லாவே புரியும்.

இந்த எபிசோட் அவ்வளவுதான். உங்க ஏரியாவுக்குக் கரன்ட் எந்தத் துணைமின் நிலையத்துலேர்ந்து வருதுன்னு தெரிஞ்சா எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.